போகும் வழியைப் புறப்படும் முன் அறிவோம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. திருச்சியிலிருந்து திருக்கோகர்ணம் வழியாகப் புதுக்கோட்டைக்குள் நுழையும் சாலையில் வெளியூர்ப் பதிவெண் கொண்ட கார்களும் வேன்களும் கூடிவிட்டன. திருக்கோகர்ணக் கோயிலில் பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். நம் மாவட்டத்தைத் தேடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. கூடவே ஒரு கவலையும் வருகிறது. ஏறக்குறைய எல்லா வண்டியிலும் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு செல்பேசி நிற்கிறது. அதன் குரல் சொல்லும் பக்கமெல்லாம் வண்டி திரும்புகிறது. அடுத்து வரப்போகும் ஊர் எது என்று கேட்டால் உள்ளே இருக்கும் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த இதழில் உங்களோடு பேச நினைப்பது இதைப் பற்றித்தான். செயற்கைக்கோள் வழிகாட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது நம் காலத்துக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆனால் போகும் வழி முதலில் ஓட்டுகிறவரின் மனத்தில் இருக்க வேண்டும். கருவி அதற்குப் பிறகு துணைக்கு வரவேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் ஆபத்து வருகிறது.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். வானத்திலிருந்து ஏதோ ஒன்று நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே வழி சொல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. அவை நமக்கு அனுப்புவது தங்கள் இருப்பிடமும் அந்த நொடியின் துல்லியமான நேரமும் மட்டுமே. அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, செயற்கைக்கோள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று செல்பேசி கணக்கிடுகிறது. இப்படிக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் கணக்கு கையில் இருந்தால், தான் நிற்கும் இடத்தை அது அறிந்துகொள்ளும்.

இந்தக் கணக்கின் நுட்பம் வியப்புக்குரியது. ஒளியின் வேகத்தில் வரும் அந்தச் சமிக்ஞை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் கடந்துவிடும். அதனால் அந்த அளவு நேரப்பிழை வந்தாலே இடம் 300 மீட்டர் தவறிப்போகும். மேலே சுற்றும் கடிகாரம் நம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்லும் விளைவு அது. அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். முன்பெல்லாம் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அதை நிறுத்தியது. இன்று நம் கையிலுள்ள செல்பேசி திறந்த வெளியில் சில மீட்டர் பிசகில் நம் இடத்தைச் சொல்லிவிடுவதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

நம் நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 2013 ஜூலையில் நம் சொந்த வழிகாட்டி அமைப்பின் முதல் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய இஸ்ரோ, 2016 ஏப்ரலில் ஏழாவதையும் அனுப்பி முடித்தது. அந்த அமைப்புக்கு நாவிக் என்று பெயர். இந்தியாவையும் அதன் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள பகுதியையும் நோக்கி அமைக்கப்பட்டது அது. அணுக்கடிகாரங்கள் பழுதானதால் சோதனைகளைச் சந்தித்தது. 2023 மே மாதம் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தோடு அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோள் ஒன்று விண்ணுக்குச் சென்றது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு இது.

இத்தனை நுட்பமும் சேர்ந்து தருவது ஒரே ஒரு செய்தியைத்தான்: நீங்கள் இப்போது நிற்கும் இடம். செயற்கைக்கோளுக்கு நம் சாலைகளைத் தெரியாது. எந்த இடத்தில் பாலம் இருக்கிறது, எந்த இடத்தில் கண்மாய்க்கரை குறுகுகிறது என்பதும் அதற்குத் தெரியாது. சாலைகளைத் தெரிந்து வைத்திருப்பது வரைபடம். அந்த வரைபடத்தில் எந்த வழி சுருக்கம் என்று கண்டுபிடிப்பது ஒரு கணக்கு. குறும்பாதையைக் கண்டறியும் புகழ்பெற்ற கணக்கு ஒன்றை 1956இல் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக்கடையில் அமர்ந்திருந்தபோது இருபது நிமிடத்தில் யோசித்து முடித்தார். ஆக, இடம், வரைபடம், வழிக்கணக்கு என்று மூன்று வேறு வேறு வேலைகள் ஒரே குரலில் நமக்குக் கேட்கின்றன. இடத்தைச் சொல்வதில் பிழை குறைவு. பெரும்பாலான பிழைகள் மற்ற இரண்டிலும்தான் வருகின்றன.

வரைபடத்தின் முதல் பிழை நாம் தட்டச்சு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. நம் மாவட்டத்தில் ஆலங்குடி இருக்கிறது. புதுக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள வட்டத் தலைநகர் அது. திருவாரூர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. குருபகவான் தலமாக நாடறிந்தது. கீரனூர் திருச்சி சாலையிலும் உண்டு, பழனி பக்கமும் உண்டு. புதுக்கோட்டை என்ற பெயரில் தூத்துக்குடி மாவட்டத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. திருக்கோகர்ணத்தையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். கர்நாடகத்துக் கோகர்ணமும் தேடுபட்டியலில் முன்னே வந்து நிற்கும். ஊர்ப்பெயரை மட்டும் போட்டுவிட்டு வரும் முதல் வரியைத் தொடுகிறவர் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வாய்ப்புண்டு. மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் போடுவதற்கு இரண்டு நொடி போதும்.

அடுத்த பிழை, சுருக்கமான வழியெல்லாம் நல்ல வழி என்று எண்ணுவது. புதுக்கோட்டை மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களின் நாடு. வெள்ளாறும் அக்னியாறும் பாம்பாறும் ஓடும் நிலம். இங்கே கிராமத்துச் சாலைகள் பல கண்மாய்க்கரை மேலேயே செல்கின்றன. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். எதிரே ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றி வந்தால் விலகக்கூட இடமிருக்காது. கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால் சாலையின் மேலேயே தண்ணீர் ஓடும். ஓடைகளின் குறுக்கே தரைப்பாலங்கள் இருக்கின்றன. சித்திரை மாதத்தில் அந்தத் தரைப்பாலத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். ஐப்பசி மழையில் அதே பாலம் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டு மாதங்களிலும் வரைபடத்தில் அது ஒரே மாதிரியான கோடுதான். பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரிந்த இந்த வேறுபாடு, அந்தக் கோட்டைப் பார்த்துக் கணக்குப் போடும் கருவிக்குத் தெரியாமல் போகலாம்.

நெடுஞ்சாலையில் எந்நேரமும் நூற்றுக்கணக்கான செல்பேசிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் வேகத்தை வைத்து அங்குள்ள நெரிசலைக் கருவி நன்றாகச் சொல்லிவிடும். கிராமத்துச் சாலையில் அத்தனை வண்டிகள் ஓடுவதில்லை. அங்கிருந்து கிடைக்கும் செய்தியும் குறைவு. ஆள் நடமாட்டம் குறைந்த வழியில்தான் கருவியின் அறிவும் குறைகிறது. நமக்கு உதவி மிகவும் தேவைப்படுவதும் அந்த வழியில்தான்.

இப்படி நேர்ந்த சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், கர்நாடகம் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்களின் கார், வேகமான வழி என்று செல்பேசி காட்டியதை நம்பிக் குடியிருப்புப் பகுதியில் இறங்கி, செங்குத்தான படிக்கட்டுகளில் போய் நின்றது. ஊர்க்காரர்களும் காவலர்களும் உதவி மீட்டார்கள். யாருக்கும் காயமில்லை. எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் நாள் அதிகாலை, கேரளத்தின் கோதுருத்தில் கொட்டும் மழையில் சென்ற கார் பெரியாற்றில் பாய்ந்து, இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தார்கள். செல்பேசி வழிகாட்டியை நம்பிப் போனதாகச் செய்தி வந்தது. திரும்ப வேண்டிய இடத்தை இருட்டிலும் மழையிலும் தவறவிட்டிருக்கலாம் என்றும் பின்னர் சொல்லப்பட்டது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம் ராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே அடித்துச் சென்றிருந்தது. செல்பேசி வரைபடத்தில் பாலம் முழுதாகவே இருந்தது. சாலையை மறித்துத் தடுப்பும் வைக்கப்படவில்லை.

பரேலியில் இறந்தவர்களை நினைக்கும்போது, குற்றத்தைக் கருவியின் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பாலத்துக்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவரும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் இருந்திருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திருக்கும். சாலையைப் பராமரிப்பவர்கள், வரைபடம் செய்பவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் ஆகிய மூவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆனால் உயிர் போகும்போது வண்டிக்குள் இருப்பவர் மூன்றாமவர்தான். அதனால்தான் அவரிடம் பேசுகிறேன்.

சட்டமும் அனுபவமும் சொல்வதை வரைபடக் கோடு சொல்லாத இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. உதகையிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி மலைப்பாதைதான் வரைபடத்தில் சுருக்கம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கடும் இறக்கம் அது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சென்றவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்குவதற்குத் தடை வந்தது. எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குள் செல்லும் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்தது. இவற்றையெல்லாம் புறப்படும் முன் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதி மலை ஏறியபின் தெரிந்தால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் நடுவழியில் தவிக்க வேண்டியதுதான்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு பாடத்தைக் கஜா புயல் கற்பித்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கிப் பகுதிகளின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் விழுந்தன. செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. உதவிப் பொருள்களோடு தமிழகம் முழுவதிலிருந்தும் வண்டிகள் வந்தன. அந்த அன்பை நாம் மறக்க முடியாது. ஆனால் வந்த பொருள்கள் பெரும்பாலும் முதன்மைச் சாலையோர ஊர்களிலேயே நின்றுவிட்டன, உள்கிராமங்களுக்கு வந்துசேரவில்லை என்ற குரல் அப்போது பல இடங்களில் எழுந்தது. மரம் விழுந்து மறித்த சாலைக்கு மாற்றாக எந்த வண்டிப்பாதை திறந்திருக்கிறது என்று சொல்ல உள்ளூர் மனிதர் ஒருவர் வண்டியில் ஏற வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புயலிலும் செயற்கைக்கோள்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். கோபுரம் விழுந்தாலும் செல்பேசி தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இணையத்திலிருந்து வந்துகொண்டிருந்த வரைபடம்தான் நின்றுபோகும். திரையில் ஒரு நீலப்புள்ளி மட்டும் வெற்று நிலத்தில் இருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே செல்பேசியில் இறக்கி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இதைச் செய்யும் வசதி பல முக்கியச் செயலிகளில் இருக்கிறது. வீட்டில் இணையம் நன்றாக இருக்கும்போதே உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டங்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருமுன் செய்ய வேண்டிய வேலை இது.

வழியைக் குறித்து வைப்பதில் நம் முன்னோர் காட்டிய அக்கறை நமக்கு ஊக்கம் தரட்டும். தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நட்டிருந்த 13ஆம் நூற்றாண்டுக் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. இன்னும் எத்தனை காதம் என்பதைத் தமிழ் எண்ணால் வெட்டியதோடு, எழுத்தறியாதவரும் தடவி எண்ணிக்கொள்ளும்படி குழிகளையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரர், சுமைதூக்கி, வணிகர் ஆகிய எல்லோருக்கும் வழி தெரிய வேண்டும் என்று எண்ணிச் செய்த காரியம் அது. இன்றைய கிலோமீட்டர் கல்லும் அதன் வழிவந்ததே. தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு நிறமானால் கிராமச் சாலை. செல்பேசி அணைந்துபோன இரவில்கூட, வண்டி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு கல் நாம் எப்படிப்பட்ட சாலையில் இருக்கிறோம் என்று சொல்லிவிடும்.

இந்தியாவின் நவீன வரைபடத்துக்கு அடிப்படையான பெரும் அளவை பிறந்ததும் தமிழ் மண்ணில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பகுதியில் ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் தொடங்கிய அளவை வேலை, பின்னாளில் இமயம் வரை சென்றது. காவிரிப் படுகையின் சமவெளியில் குன்றுகள் இல்லை. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே சீராக்கினார். நம் கைத்திரையில் ஒரு நொடியில் விரியும் வரைபடத்துக்குப் பின்னால் வெயிலிலும் காய்ச்சலிலும் பல்லாண்டுகள் நடந்து அளந்த, பெயர் தெரியாத நம் ஊர்க் கலாசிகளின் (அளவைப் பணியாளர்களின்) உழைப்பும் இருக்கிறது.

புதுக்கோட்டை நகரமே ஒரு வரைபடம் என்று சொல்லலாம். 1812இல் தீயில் அழிந்த ஊரை, மன்னர் விஜய ரகுநாதத் தொண்டைமான் காலத்தில், அன்றைய ஆங்கிலேயப் பிரதிநிதி பிளாக்பர்னின் யோசனையோடு நேர்நேராக வெட்டும் அகன்ற தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். நடுவில் ராஜவீதிகள், அவற்றைச் சுற்றிக் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசையும், இரண்டாம், மூன்றாம், நான்காம் என்று எண்ணும் சேர்ந்த வீதிகள். கீழ இரண்டாம் வீதி என்ற பெயரே நீங்கள் எந்தத் திசையில், நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும். அந்த ஒழுங்கை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்ட ஓட்டுநருக்கு நகருக்குள் எந்தக் குரலும் தேவைப்படாது. நம் பிள்ளைகளுக்கு இந்தத் தெருக்களின் வரிசையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மனத்தில் வழியை வைத்திருப்பதால் மூளைக்கும் நன்மை உண்டு. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெற, நகரின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்து தேர்ச்சி பெற வேண்டும். அந்த ஓட்டுநர்களின் மூளையை ஆராய்ந்த எலினார் மக்வயர் குழுவினர், இட நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2017இல் வெளிவந்த வேறொரு லண்டன் ஆய்வில், தானே வழி தேடிச் செல்பவரின் ஹிப்போகாம்பஸ் ஒவ்வொரு புதுத் தெருவுக்குள் நுழையும்போதும் சுறுசுறுப்பாவதும், கருவியின் சொற்படி மட்டும் செல்பவருக்கு அந்தச் சுறுசுறுப்பு எழாமல் போவதும் தெரியவந்தது. பயன்படுத்தாத அரிவாள் துருப்பிடிப்பதுபோல வழியறியும் திறனும் மங்கும்.

இந்தத் திறன் ஓட்டுநருக்கு மட்டும் வேண்டியதென்று நினைக்காதீர்கள். நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108ஐ அழைக்கிறோம். எந்த ஊர், எந்த விலக்கில் திரும்ப வேண்டும், கண்மாய் தாண்டி எத்தனையாவது தெரு என்று பதற்றத்திலும் தெளிவாகச் சொல்ல வீட்டிலுள்ள யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் கருவி இருந்தாலும் விலக்கிலிருந்து வீட்டு வாசல் வரை நம் சொல்தான் அதை அழைத்து வரும். அந்த நிமிடங்களின் மதிப்பை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கருவி நமக்குச் செய்திருக்கும் நன்மையையும் மனமார ஒப்புக்கொள்வோம். தெரியாத நகரத்தில் இரவு நேரத்தில் தனியாக வண்டி ஓட்டும் பெண்கள், யாரிடமும் வழி கேட்டு நிற்காமல் பத்திரமாக வீடு சேர அது துணை நிற்கிறது. முன்னே விபத்து, நெரிசல் என்று அறிந்து விலகிச் செல்ல உதவுகிறது. படிப்பு குறைந்த ஓட்டுநருக்கும் தமிழிலேயே திசை சொல்கிறது. ஒரு காலத்தில் டி.டி. மேப்ஸ் நிறுவனத்தின் சாலை வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவருக்குக் கிடைத்த அறிவு, இன்று ஆட்டோ ஓட்டுகிறவர் கையிலும் இருக்கிறது. இது பெரிய சமத்துவம். அதை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வதே நம் கடமை.

எப்படி? நீண்ட காலமாக வேன் ஓட்டுகிறவர்களிடம் இருக்கும் பழக்கத்தையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். புறப்படும் முந்தைய இரவு, வழி முழுவதையும் பெரிய அளவில் ஒருமுறை பாருங்கள். பிறகு ஒரு தாளில் வரிசையாக ஊர்ப்பெயர்களை எழுதுங்கள். திருக்கோகர்ணத்திலிருந்து திருச்சிக்கு என்றால் நார்த்தாமலை விலக்கு, கீரனூர், மாத்தூர், விமான நிலையம். தஞ்சைக்கு என்றால் பெருங்களூர், ஆதனக்கோட்டை, கந்தர்வக்கோட்டை. மதுரைக்கு என்றால் திருமயம், திருப்பத்தூர், மேலூர். திருமயத்தில் காரைக்குடிச் சாலை பிரிந்துபோகும் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே வழி மனத்தில் பதிந்துவிடும். சாலையில் எழுதிய வரிசை மாறி வேறு ஊர்ப்பலகை வந்தால், கருவி என்ன சொன்னாலும் வண்டியை ஓரமாக நிறுத்தி யோசிக்க வேண்டிய நேரம் அது.

கருவி திடீரென்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கச் சொன்னால், எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று பாருங்கள். ஐந்து பத்து நிமிடத்துக்காக, இரவிலும் மழையிலும், தெரியாத கண்மாய்க்கரைச் சாலையில் இறங்க வேண்டாம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அதன் ஆழத்தை எந்தச் செயலியும் சொல்லாது, திரும்பிவிடுங்கள். விலக்கில் ஒரு டீக்கடை இருந்தால் இறங்கி, "அண்ணே, இந்த வழியா கார் போகுமா?" என்று கேளுங்கள். போகும், போகாது என்பதோடு, நேற்று வெட்டிய பள்ளம் முதல் நாளை நடக்கும் தேரோட்டம் வரை அவர் சொல்லிவிடுவார். பெண்கள் தனியாகச் சென்றால் பெட்ரோல் பங்க்கில் கேட்பது நல்லது.

ஓடும் வண்டியில் செல்பேசியில் தட்டச்சு செய்யவே கூடாது. 2020 அக்டோபரில் திருத்திய மோட்டார் வாகன விதி, வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி அறிய மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. அதைத் தாங்கியில் பொருத்தி, குரலை மட்டும் கேட்டு ஓட்டுங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. பின்னிருக்கையில் திரைப்படம் பார்க்கும் பிள்ளையிடம் ஊர்ப்பெயர்கள் எழுதிய தாளைக் கொடுத்து, அடுத்த ஊர் எது என்று சொல்லச் சொல்லுங்கள். நாலு பயணத்தில் அந்தப் பிள்ளைக்குத் திசையும் தொலைவும் ஆறும் ஊரும் தாமாகவே வசப்படும்.

ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் ஊர்ச் சாலை வரைபடத்தில் தவறாக இருந்தால், பாலம் உடைந்தும் வழி திறந்திருப்பதாகக் காட்டினால், கோயிலின் குறி வேறு தெருவில் இருந்தால், செயலியிலேயே அதைத் திருத்தச் சொல்லி அனுப்பும் வசதி இருக்கிறது. சில நிமிட வேலை. உடைந்த தரைப்பாலத்துக்கு முன் தடுப்பு இல்லையென்றால் ஊராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒரு நாள் இரவில் நம் ஊருக்கு வரும் அறியாத குடும்பம் ஒன்றை அது காப்பாற்றும்.

அடுத்த இதழ் முதல் "வழிக்குறிப்பு" என்ற பகுதியைத் தொடங்குகிறோம். உங்கள் ஊருக்கு வரும் நல்ல வழி எது, மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய பாதை எது, எந்த விலக்கில் திரும்ப வேண்டும், அருகிலுள்ள மருத்துவமனை எங்கே என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். தெளிவான கோட்டுப்படம் இருந்தால் மிகவும் நல்லது. பள்ளி மாணவர்கள் வரைந்து அனுப்புபவற்றுக்கு முதலிடம் தருவோம். இந்த விடுமுறையில் எங்கே புறப்பட்டாலும் வழியை அறிந்து புறப்படுங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்